ஆண்டவர் நாற்காலிக்குக் காவல்

"ஏனுங்க, விசயம் தெரியுமுங்களா? ரோஸ்மேரியக்கா ஏசுவையே வெளிய அனுப்பிப் போட்டுதாமுங்க" என்றார் எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்துப் பேக்கரி கிட்டுசாமி, டீயை ஆற்றிக்கொண்டே. ஆதாரமும் வைத்திருந்தார்: அன்று ராத்திரியே, நெடுநாளாக எரியாத தெருவிளக்கு எரிந்திருக்கிறது. லைன்மேன் மணியனைக் கேட்டேன். பல்பை மாற்றியது தான்தான் என்றார். யாரும் புகார் கொடுக்காமல் லைன்மேன் வந்தார் என்பதைவிட ஏசு வந்தார் என்பது நம்பச் சுலபமாக இருந்தது. நேரிலேயே விசாரிக்கப் போனேன்.

ரோஸ்மேரி அக்கா பனியன் கம்பெனியில் செக்கர். தைத்து வரும் பீசை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்ப்பார். உள்பக்கம் புரட்டி மறுபடியும் பார்த்த பிறகே கீழே வைப்பார். கடையில் கொத்தமல்லிக் கட்டையும் அப்படித்தான். மகளைப் பெண் பார்க்க வந்த ராபினின் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தவர். "காலர மட்டுந்தான் பாத்தேன், பயல விட்டுட்டேன்" என்பது ராபின் மருமகனான பிறகு வந்த வருத்தம். சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபக்கூட வாசலில் அவர்தான் காவல். பிரசங்கம் செய்யும் ஊழியக்காரர் என்று சொல்லி வந்த ஒருவர், எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்த நேரத்தில் மைக்கோடு போய்விட்டார். அதிலிருந்து அக்கா ஜெபத்திலும் கண்ணை மூடுவதில்லை. முன்வரிசையில் வெள்ளைப் பனியன் துணி போர்த்திய நாற்காலி ஒன்று, ஆண்டவர் திரும்பி வந்தால் உட்கார. இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் முதல் முறை வந்தவரை அடையாளம் தெரியாமல் விட்டவர்கள் மீது அக்காவுக்குத் தீராத கோபம்: "வருவாரு வருவாருன்னு காத்துக் கெடந்துட்டு, முன்னால வந்து நின்னவரத் தெரியலன்னா அது என்ன கண்ணு? நானா இருந்தா விட்டிருப்பனா?"

மழை பெய்த ஒரு ஞாயிறு, சொட்டச் சொட்ட நனைந்த ஆள் ஒருவர் வந்து நேராக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பேசியது தமிழ் இல்லை. இந்தியும் இல்லை என்கிறார் அக்கா. அக்காவுக்கு இந்தி தெரியாது.

"கையக் காட்டுன்னேன். காட்டுனாரு. உள்ளங்கையில வடு. இந்த ஊருல ஊசி ஏறாத கை யாருக்கு இருக்கு தம்பி? டெய்லருன்னு நெனச்சு, எந்திரிச்சு பின்னால போன்னேன். சிரிச்சாரு. வெளியவே போயிட்டாரு."

"அவ்வளவுதானே அக்கா?"

"அடுத்த கையப் பாக்கலயே தம்பி." குரல் இறங்கிவிட்டது. "ஊசின்னா ஒரு கையிலதான் ஏறும். ரெண்டுலயும் இருந்திருந்தா அது ஆணி வடுல்ல? ஒரு பீசக்கூட திருப்பிப் பாக்காம நான் ரிஜக்ட் பண்ணதில்ல. அவராவே இருந்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவரு முன்னால போயி நிப்பேன்?"

"அவர் மேகத்தின் மேல் வருவார், டவுன் பஸ்ஸில் அல்ல" என்கிறார் போதகர். ஆனால் வதந்தியை மறுக்கவும் இல்லை. இப்போது கூட்டம் வாசல் வரை நிற்கிறது. எனக்கு அக்கா மீதும் ஒரு சந்தேகம். யாரோ ஒரு டெய்லரை விரட்டினோம் என்பதைவிட ஆண்டவரை விரட்டினோம் என்பது கொஞ்சம் கௌரவமாகப் படுகிறதோ? கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் என் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் டீ உண்டு. அன்று அந்த ஆளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று அக்கா சாயங்காலங்களில் கிட்டுசாமியின் பேக்கரியில் வந்து நிற்கிறார்.

"ஆளு மூஞ்சி நாபகம் இருக்குதுங்களாக்கா?" என்றார் கிட்டுசாமி, நானும் அங்கே இருந்த ஒரு சாயங்காலம்.

"மூஞ்சிய யாரு பாத்தா? கையத்தான பாத்தேன்."

அப்போது வடமாநில இளைஞர் ஒருவர் ஷிப்ட் முடிந்து வந்து நின்றார். அக்கா அவரிடம் டீயை நீட்டினார். அவர் திகைத்து, வலது கையால் கிளாஸைப் பிடித்தார். இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. அக்கா அந்தப் பாக்கெட்டையே பார்த்தார். கிளாஸை விடவில்லை.