வல்லைவெளியில் தளராத நட்டுகள்

பழைய கார் வைத்திருப்போர் இக்குடாநாட்டில் இன்னும் பலர் உளர். நட்டுத் தளர்ந்தால் இறுக்கினாற் போதுமென்றே அவர்கள் நம்புகின்றனர். அந்நம்பிக்கை தவறென்பதைச் செய்துகண்டவன் என்ற முறையில் இதை எழுதிவைத்தல் கடமையாகிறது.

இயந்திரத்தின் புகையை வெளியேற்றும் கிளைக்குழாயைக் கார் திருத்தும் கராச்சுகளில் மனிபோல் என்பர். அதைப் பிடித்திருக்கும் நட்டுகள் சூட்டினால் தளரும்; இடுக்கு வழியே புகை சீறும்; கார் உழவு இயந்திரம்போல் உறுமும். பயணம் முடிந்த கையோடு, சூடு ஆறுமுன்னரே இறுக்கிவிடுவது கோப்பாய்க் கார்க்காரர் அனைவரதும் வழக்கம். என் வழக்கமும் அதுவே. சில நாளில் மீண்டும் தளரும்.

தங்கையின் மகளுக்கு உடுப்பிட்டியில் திருமணம் நிச்சயமாயிற்று. மணப்பெண்ணைத் தாய்மாமன் தன் காரில் அழைத்துச் செல்வது எங்கள் குடும்ப முறை. தங்கையின் கணவரோ வாடகைக்கு வான் பேசப் புறப்பட்டார்.

“மச்சான், உங்கடை கார் வெளிக்கிட்டால் மேளகாரர் தேவையில்லை. புகை பட்டுப் பிள்ளையின்ரை சேலையும் கறுத்துப்போம்.”

“நான் மாமாவின்ரை காரிலைதான் போவன்,” என்றாள் மணப்பெண்.

அவளை ஏமாற்ற மனம் ஒப்பவில்லை. கிளைக்குழாயை முழுதாகக் கழற்றினேன். நட்டுகள் தளராதிருக்க அடியில் இட்ட ஸ்பிரிங் வாசர் வளையங்கள் சூட்டில் வெந்து, விசையிழந்து, வெறுந்தகடாய்க் கிடந்தன. குழாய் இயந்திரத்தோடு பொருந்தும் முகத்தில் கரி தடித்திருந்தது. அதைச் சுரண்டிச் சமப்படுத்திப் புகை கசியாதிருக்க இடையில் புதிய கஸ்கற் தகடு வைத்தேன். துருவேறாத பித்தளை நட்டுகளை, இரண்டிரண்டு நட்டுக்குப் பொதுவான பூட்டுத்தகடுகளின்மேல் பூட்டினேன். சூட்டில் விரிந்திருக்கையில் இறுக்கினால் ஆறிச் சுருங்கியதும் தளருமென்பதால், இயந்திரம் குளிர்ந்திருக்கையில் நடுவிலிருந்து இருபுறமுமாகச் சிறிது சிறிதாய் இறுக்கினேன். பின்னர் ஓடவிட்டு, முற்றாக ஆறவிட்டு, மறுபடி இறுக்கிய பின்னரே தகட்டின் ஓரங்களை நட்டின் பக்கங்களோடு மடித்தேன். இனி அவை திரும்ப வழியில்லை.

திருமணத்தன்று புத்தூரைத் தாண்டி வல்லைவெளி என்னும் வெட்டவெளிக்கு வந்தபோது காற்றின் இரைச்சல் மட்டுமே கேட்டது. மருமகள் பின்னிருக்கையில் தோழியோடு மெல்லிய குரலில் கதைத்துச் சிரித்ததும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அன்றுபோல் நான் நிமிர்ந்து கார் ஓட்டியதில்லை.

மண்டப வாசலில் தங்கையின் கணவர் வந்து, இயங்கிக்கொண்டிருந்த காரின் இயந்திர மூடிமேல் கைவைத்து அதிர்வைப் பார்த்தார்.

“திரும்பேக்கை மாப்பிள்ளை பொம்பிளையையும் நீங்களே ஏத்திக்கொண்டு வாங்கோ மச்சான்.”

அவர் பேசியிருந்த வான் வெறுமையாகத் திரும்பியது. மறுநாள் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒரு நட்டும் அசையவில்லை.

நான் முறைப்படி இயந்திரவியல் கற்றவனல்லன். இங்கு கூறிய காரணங்களிலோ வேலையின் ஒழுங்கிலோ வழு இருப்பின், அறிந்தோர் திருத்தியுதவ வேண்டுகிறேன்.