கும்மி ஆடிய குதிகால்

"கும்மி ஆடலாமுங்களா?"

அந்த அக்கா இப்படிக் கேட்டபோது எங்கள் தலைமை மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நடக்கலாமா, படி ஏறலாமா, வண்டி ஓட்டலாமா, வேலைக்குப் போகலாமா என்று நோயாளிகள் வழக்கமாகக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. கும்மிக்கு இல்லை.

நான் மருத்துவர் அல்ல. உயிரிமருத்துவப் பொறியியல் படித்துவிட்டு, கோவையில் ஒரு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் ஆய்வு வேலை பார்க்கிறேன். பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் என் சொந்தக்காரர்கள் மூக்கைத் தொட்டுக்காட்டிச் சிரிப்பார்கள். எங்களிடம் வருவதெல்லாம் வேறு: தறியில் சிக்கிய விரல், தீக்காயம், சக்கரத்தில் போன குதிகால். அறுவை சிகிச்சை செய்பவர்கள் மருத்துவர்கள். சீரமைத்த இடம் வீட்டுக்குப் போன பிறகு என்ன பாடுபடுகிறது என்று அளப்பது என் வேலை.

அக்காவுக்குக் குதிகால். கணவரின் மோட்டார் பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து மேட்டுப்பாளையம் சந்தையிலிருந்து திரும்பும்போது கால் பின்சக்கரத்துக்குள் போய்விட்டது. இடது குதிகாலின் தோலும் சதையும் மொத்தமாகப் பெயர்ந்துவிட்டன. எங்கள் மருத்துவர் தொடையிலிருந்து தோலும் சதையும் எடுத்து அங்கே வைத்து, நூலைவிட மெல்லிய ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியின் கீழ் இணைத்தார். அது பிடித்துக்கொண்டது. புண் ஆறி, தையல் பிரித்து, அக்கா ஊன்றி நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தொடைத் தோலுக்கு உடம்பைச் சுமந்து பழக்கமில்லை. அதில் உணர்ச்சியும் கிடையாது. கல் குத்தினால் தெரியாது, கொப்புளம் வந்தாலும் வலிக்காது. நன்றாக ஆறிய குதிகால்கள் பல மாதம் கழித்துப் புண்ணாகி, திரும்ப வந்து எங்கள் கட்டிலில் படுத்திருக்கின்றன. அப்படிப்பட்ட குதிகால் எவ்வளவு பாரத்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் எங்கள் ஆய்வு. அதற்காக நான் ஒரு செருப்பு செய்து, வேறு சில நோயாளிகளுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தேன். மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு, குதிகால் படும் இடத்தில் அழுத்தத்தை அளக்கும் தகடு, வாரில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அது பதிவு செய்துவைத்து, அக்காவின் செல்போன் பக்கத்தில் வந்ததும் எங்களுக்கு அனுப்பிவிடும்.

"கும்மின்னா வள்ளி கும்மிங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஆமாங்க டாக்டரம்மா. பங்குனியில எங்க ஊர்ல அரங்கேற்றமுங்க. காலு போறதுக்கு முன்னாடியே பாட்டு, அடவு எல்லாம் படிச்சுபோட்டனுங்க. இப்பவும் வட்டத்துல என்ற எடத்தக் காலியா உட்டுத்தான் ஆடறாங்க. ஊட்டுல இருந்தா சத்தம் கேக்குதுங்க."

மருத்துவர் என்னைக் காட்டினார். "இந்த அம்மணி குடுக்கற செருப்பைப் போட்டு நடங்க. அது என்ன சொல்லுதுன்னு பார்த்துட்டு நான் சொல்றேன்."

முதல் சில வாரங்கள் செருப்பு நல்லதையே சொன்னது. காலையில் கொஞ்சம் நடை, மதியம் குறைவு, பொழுது சாய்ந்தால் ஒன்றுமே இல்லை. இவ்வளவு ஒழுங்காக ஓய்வெடுக்கும் நோயாளியை மருத்துவர் பார்த்ததில்லையாம். பிறகு, விடியும் முன் ஒரு புதிய வரைபடம் வர ஆரம்பித்தது. குதிகாலில் பாரம் திம் திம்மென்று விழுந்தது. அக்காவின் எடையைவிட அதிகம். எடையைவிட அதிகமான பாரம் எப்போது வரும் என்று நான் எழுதிப் பார்த்தேன்: ஓடினால், குதித்தால், சுமை தூக்கினால், ஓங்கி மிதித்து ஆடினால். முதல் மூன்றுக்கும் அக்காவுக்கு அவசியமில்லை.

அடுத்தமுறை வந்தபோது மருத்துவர் நேராகவே கேட்டார். "விடியக்கருக்கல்ல எந்திரிச்சு ஆடறீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா."

"மிஷின் பொய் சொல்லுங்களா?"

"அது சொல்லுமோ என்னமோ, நான் சொல்ல மாட்டனுங்க. கருக்கல்ல நான் தூங்கற தூக்கத்த இவிங்களக் கேளுங்க."

கதவோரம் நின்ற அவர் கணவர், ஆறடிக்குக் குறையாத மனிதர், துண்டைக் கையில் பிடித்தபடி சாட்சி சொன்னார். "தண்ணி தெளிச்சாலும் எந்திரிக்க மாட்டாளுங்க."

மருத்துவர் நம்பவில்லை. குதிகாலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; புண் எதுவும் இல்லை. ஆனாலும் வரைபடம் எதிரே இருந்தது. "கும்மி வேண்டாமுங்க. இது பிஞ்சுபோச்சுன்னா இன்னொண்ணு எடுத்துவைக்க உங்க தொடையில எடம் இருக்கும். எனக்குத்தான் தெம்பு இருக்காது" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

அக்கா அழவில்லை. வெளியே வந்து வராந்தாவில் செருப்பின் வாரை இழுத்து ஒட்டிக்கொண்டே கேட்டார். "நீங்களாச்சும் நம்புறீங்களா கண்ணு?"

நம்புவதற்கு என் படிப்பில் பாடம் எதுவும் இல்லை. ஆனால் அவர் முகத்தில் பொய்யும் இல்லை. வரைபடத்திலும் பிழை இல்லை. இரண்டும் சரியாக இருக்க வேண்டுமென்றால் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த வீட்டில் நடக்க வேண்டும்.

"நான் ஊட்டுக்கு வந்து பாக்கட்டுங்களாக்கா?"

"வாங்க கண்ணு. ஒரு நாளு தங்கற மாதிரி வாங்க."

ஒரு சனிக்கிழமை பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ் மாறி, பொழுதோடு, அந்தி சாயும் நேரத்தில், அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா அடுப்படியில் இடியாப்பம் போன்ற சந்தவையைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து செல்போனைத் திறந்து, செருப்பு சரியாக அனுப்புகிறதா என்று பார்த்தேன். அனுப்பியது. பாரம்: பூஜ்யம்.

அக்கா சந்தவை பிழியும் மரத்தின் பிடியில் உடம்பு முழுவதையும் சாய்த்து அழுத்தினார். பூஜ்யம். தட்டை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தார். பூஜ்யம். திரும்பிப் போய்த் தேங்காய்ப்பால் எடுத்துவந்தார். பூஜ்யம்.

நான் நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். மெத்தென்ற அந்த எம்.சி.ஆர். செருப்பு படிக்குக் கீழே ஒழுங்காகக் கிடந்தது. வாரில் இருந்த பச்சை விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் என் செருப்பும் கிடந்தது. யாரும் சொல்லாமலே கழற்றியிருந்தேன்.

செருப்பைச் செய்தவள் நான். சரிபார்த்தவர் மருத்துவர். ஆய்வை ஒப்புக்கொண்ட குழுவில் இன்னும் பலர். நாங்கள் எல்லோருமே எங்கள் வீட்டு வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள். இந்த ஊரில் மனிதர்கள் வெறுங்காலோடு இருக்கும் இடங்களை மனதுக்குள் அடுக்கினேன்: அடுப்படி, கூடம், கோயில், சொந்தக்காரர் வீடு, கல்யாண மண்டபத்துப் பந்தி. வாழ்க்கையின் பெரும்பகுதி. எங்கள் அளவீட்டில் அது எதுவுமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன கண்ணு, சந்தவை உப்பு பத்தலீங்களா?"

"இல்லீங்க்கா, நல்லாருக்குதுங்க. ஊட்டுக்குள்ள நீங்க செருப்பே போடறதில்லீங்களா?"

"ஊட்டுக்குள்ள செருப்பா?" என்று அக்கா கேட்ட விதம், சாப்பாட்டுத் தட்டில் நான் கல்லைப் போட்டுவிட்டது போல் இருந்தது.

அப்போது கோயில் மைதானத்திலிருந்து பாட்டு கேட்டது. மைக்கில் ஒரு குரல் அடியெடுக்க, பெண்கள் திரும்பப் பாடினார்கள். அக்காவின் கால் தானாக அசைந்தது. பாத்திரத்தை வைத்துவிட்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி, திரும்பிக் கைதட்டி இன்னொரு அடி. பழகிய கால்.

"அப்ப ஆடறீங்க" என்றேன்.

"பொழுதோட ஆடறனுங்க."

"டாக்டர் கேட்டப்ப இல்லைன்னீங்களே!"

"கருக்கல்ல ஆடறனான்னு தான கேட்டாங்க?"

அவர் என்னை உட்காரவைத்து விவரமாகச் சொன்னார். முதலில் ஒரே ஒரு பாட்டுக்கு, அதுவும் சுவரைப் பிடித்துக்கொண்டு. முடிந்ததும் உட்கார்ந்து, மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தபடி கண்ணாடியைக் குதிகாலுக்கு அடியில் பிடித்துப் பார்ப்பது. சிவப்பு இருந்தால் மறுநாள் ஆட்டம் கிடையாது. இல்லையென்றால் இன்னும் கொஞ்சம். இதை நாங்கள் எந்தக் காகிதத்திலும் எழுதிக் கொடுக்கவில்லை. கண்ணாடியில் பார்க்க மட்டும்தான் சொல்லியிருந்தோம். ஆடும் ஆசையை அளந்து செலவழித்தது அவராகச் செய்தது.

விடியற்காலை வரைபடம் மட்டும் பாக்கி. வாசலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். சேவல் கூவும் முன்பே கதவு திறந்தது. அக்காவின் கணவர் பால் வாளியை எடுத்தார், வாசலில் காலை நீட்டி இருட்டில் துழாவினார், அகப்பட்ட செருப்பில் காலை நுழைத்தார். கட்டு போட்ட காலுக்கும் நுழைய வேண்டும் என்று அதை நான் பெரியதாகச் செய்திருந்தேன். திம் திம்மென்று மாடுகள் கட்டியிருந்த இடத்தை நோக்கி நடந்தார். என் செல்போனில் அந்தப் பழைய வரைபடம் அச்சு மாறாமல் எழுந்தது.

நான் போய் அக்காவை எழுப்பினேன். தூக்கத்தைப் பற்றிச் சொன்னது உண்மைதான். எழுப்புவது லேசாக இல்லை.

"ஏனுங் மாமா, நீங்களா அது?" அக்கா வாசலில் இருந்தே கத்தினார். "ஆசுபத்திரியில இதச் சொல்லாம நின்னீங்களே!"

அவர் வாளியோடு திரும்பிப் பார்த்தார். "அவிங்க செருப்பப் பத்திக் கேக்கவே இல்லியே. ஆடறதப் பத்தித்தான கேட்டாங்க. நானெங்க புள்ள ஆடுனேன்?"

"என்ற செருப்பு எதுக்கு உங்களுக்கு?"

"மெத்துனு இருந்துச்சு" என்றார் அவர். குரல் சற்று இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் சட்டென்று நிறுத்தினார். "மத்தவங்க செருப்பெல்லாம் இப்ப எங்க கிடக்குது?" என்றார். அந்தக் கேள்வியோடு எங்கள் பழைய பதிவுகள் எல்லாம் ஓரமாகப் போயின. எனக்கு அதில் துளி வருத்தமில்லை. எதை அளக்க வேண்டும் என்று இப்போதுதான் தெரிந்திருந்தது.

வெறுங்காலுக்கு ஓர் உணரி செய்ய ஆரம்பித்தேன். மெல்லிய தகட்டை இரண்டு பிளாஸ்திரிகளுக்கு நடுவே வைத்துக் குதிகாலில் ஒட்டி, கணுக்காலில் ஒரு பட்டை. முதலாவது வியர்வையில் உரிந்தது. இரண்டாவதன் விளிம்பு தோலை உறுத்தும் போல இருந்ததால் நானே தூக்கிப்போட்டேன். மூன்றாவதற்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் விளிம்பே தெரியாத அளவுக்குத் தகட்டை வெட்டி வாங்கினேன். அதைப் பட்டறைக்காரர் தன் காலிலேயே ஒட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க லேத்தில் நின்றார். "ஒட்டுனதே மறந்துபோச்சுங்க" என்றார். அது போதும்.

மருத்துவமனையின் உடற்பயிற்சி அறையில், மருத்துவர் பார்க்க, அக்கா அந்த உணரியோடு ஆடினார். செல்போனில் பாட்டு. திரையில் கோடு. நாங்கள் பயந்த மலைகள் வரவில்லை. கும்மியில் கால் முன்பாதத்தில் இறங்குகிறது; குதிகால் தரையைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறது. இதே உணரியோடு வீட்டில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தபோது விழுந்த பாரம்கூட இதைவிட அதிகம். ஒரே ஓர் அடியில் மட்டும், திரும்பி ஓங்கி மிதிக்கும் இடத்தில், கோடு செங்குத்தாக ஏறியது.

மருத்துவர் குதிகாலை மடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பாரம் விழும் இடத்தில் தோல் முன்பைவிடத் தடித்திருந்தது. "தொடைத் தோலுங்க இது. வேலைக்குப் பழகிருச்சு" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். பிறகு அக்காவைப் பார்த்தார். "அந்த ஒரு மிதி மட்டும் வேண்டாம். அதை முன்பாதத்துல இறக்குனா, ஆடிக்கங்க."

அக்கா அதைக் கும்மி ஆசிரியரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாராம். ஒருத்தர் மட்டும் அடியை மாற்றினால் வட்டம் கெட்டுப்போகும் என்பது அக்காவுக்கும் தெரியும். ஆசிரியர் கொஞ்ச நேரம் தானே மிதித்துப் பார்த்துவிட்டு, "ஒருத்தர் மாத்துனாத்தான நல்லாருக்காது. எல்லாருமே மாத்திப்போடலாமுங்க" என்றிருக்கிறார்.

அரங்கேற்றத்தன்று மருத்துவரும் நானும் போனோம். பொழுது சாயும் நேரம். மேற்கே மலை கறுத்துவந்தது. மைதானம் முழுக்க ஒரே பச்சைப் புடவைகள், வட்டத்துக்குள் வட்டம். காலி இடம் எதுவும் இல்லை. பாட்டு ஏற ஏறக் கால்கள் வேகம் பிடித்தன. திரும்பும் அடி வந்தபோது நான் அக்காவின் இடது காலையே பார்த்தேன். எத்தனை பெண்களோ அத்தனை பேரும் ஓங்கி மிதிக்காமல் முன்பாதத்தில் இறங்கி எழுந்தார்கள். புழுதிகூடக் கிளம்பவில்லை. தெரியாதவர்களுக்கு அந்த ஆட்டமே அப்படித்தான் என்று தோன்றியிருக்கும். மருத்துவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் உதடுகள் தாளத்துக்கு அசைந்துகொண்டிருந்தன.

நடுவில் இளைப்பாற விட்டபோது அக்கா வேர்த்து வழிய ஓடிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார். செல்போன் வெளிச்சத்தில் மண்ணைத் துடைத்து, விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடம் வெளுத்து, உடனே பழைய நிறத்துக்கு வந்தது. சிவப்பு இல்லை. கொப்புளம் இல்லை. விளிம்பில் தையல் போட்ட தழும்பு எங்கும் விரியவில்லை. மருத்துவரும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

அக்காவின் கணவர் பக்கத்திலேயே எம்.சி.ஆர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் போடலீங்க அம்மணி. கையிலதான் வெச்சிருக்கறேன்" என்றார் என்னிடம்.

மைக் மறுபடியும் கூப்பிட்டது. நான் இன்னும் குதிகாலை விடவில்லை.

"பாத்தாச்சுங்களா கண்ணு? உடுங்க, பாட்டு ஆரம்பிக்குது" என்று காலை உருவிக்கொண்டு அக்கா வட்டத்துக்கு ஓடினார்.