அக்காவுக்கு வந்த சம்பள உயர்வு

எங்கள் தெருவில் என் அக்காவுக்கு வக்கீலம்மா என்று பெயர். படித்தது என்னவோ எட்டாம் வகுப்புதான். ஆனால் சில்லறை தராத கண்டக்டர், எடையில் கை வைக்கும் கடைக்காரர் என்று யாரையும் விடமாட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். அப்பேர்ப்பட்டவள் தன் சொந்த வழக்கில் தோற்றாள். தோற்கடித்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் அவளுக்கு வேலை. ஈரப் போர்வையைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டால், மறுபக்கம் காய்ந்து சுருக்கமில்லாமல் வரும். கை உள்ளே போய்விடாமலிருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதில் விரல் பட்டாலே மெஷின் நின்றுவிடும். சும்மா சும்மா நின்று வேலை கெடுகிறது என்று மேனேஜர் அந்தக் கம்பியைக் கழற்றச் சொன்னார். மெக்கானிக் கழற்றினார். அக்காவின் வலது கை உள்ளே போனது. விரல்கள் சுருண்டு ஒட்டிக்கொண்டன. இப்போது ஒரு டம்ளரைக்கூட அந்தக் கையால் பிடிக்க வராது. அஜாக்கிரதையாக அவளே கையை விட்டாள் என்று கம்பெனி எழுதிவைத்துவிட்டு, அவளைத் துணி மடிக்கிற மேசைக்கு மாற்றியது.

நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டாள். ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீல் பெண் கிடைத்தாள். சின்ன வயது, கெட்டிக்காரி.

"மெக்கானிக்கைக் கூண்டுல ஏத்துவோம்க்கா. கம்பியைக் கழட்டச் சொன்னது யாருன்னு அவர் சொன்னாப் போதும்" என்றாள்.

இந்த நேரத்தில்தான் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, சம்பளத்தை ஏற்றிக் கொடுத்தார். "நாங்களும் மனுஷங்கதானேம்மா" என்றாராம். அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வரும் வழியிலேயே ஒரு டேபிள் ஃபேன் வாங்கிவந்தாள்.

"கேஸ் போட்டதும் பயந்துட்டாங்க, பார்த்தியா?" என்று என்னிடம் சிரித்தாள்.

பயந்தார்களாம்! மையத்துக்குக் கொடுத்துவந்த பணத்தை அரசாங்கம் வெட்டியிருந்தது. இலவச வக்கீல் யாருக்கு என்பதற்கான சம்பள வரம்பையும் இறக்கியிருந்தது. புதுச் சம்பள ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்த வக்கீல் பெண்ணுக்கு முகம் தொங்கிவிட்டது.

"மடிக்கிற மேசையில வேற யாருக்காவது ஏத்தினாங்களா அக்கா?"

"இல்லையே, எனக்கு மட்டும்தான்."

"புது வரம்பைத் தாண்டுற அளவுக்குச் சரியா ஏத்தியிருக்காங்க. அவங்க வக்கீல் சொல்லித்தான் செஞ்சிருக்கணும். இனிமே நான் உங்களுக்காக நிக்க முடியாதுக்கா."

"அப்ப அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

"கொடுத்தாலும் உங்க சம்பளக் கணக்கை அடுத்த வருஷம்தான் மறுபடி பார்ப்பாங்க."

வெளி வக்கீல்களிடம் போனோம். முதலில் பீஸ், பிறகுதான் பேச்சு என்றார்கள். அக்காவுக்குக் கூடின சம்பளத்தை வருஷக் கணக்கில் சேர்த்தாலும் அதற்குப் பற்றாது. பணக்காரி என்று சர்க்கார் முத்திரை குத்திவிட்டது, வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம் அந்த டேபிள் ஃபேன்.

கடைசியில் அவளே தனியாகப் போய் நின்றாள். கம்பெனி வக்கீல் வந்தார், அவருடைய கேஸ் கட்டுகளைத் தூக்க இரண்டு பேர் வந்தார்கள். நீதிபதி கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"உங்க சாட்சி எங்கேம்மா?"

"மெக்கானிக்குங்க ஐயா. லீவு தரமாட்டேன்னுட்டாங்களாம்."

"சம்மன் கேட்டு மனு போட்டீங்களா? சாட்சிக்கான செலவைக் கட்டினீங்களா?"

"அப்படி ஒண்ணு இருக்குன்னு யாருங்க ஐயா எனக்குச் சொல்லணும்?"

"அதை உங்க வக்கீல்தான் சொல்லணும்" என்றார் நீதிபதி. சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். ஆதாரம் இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது. தெருவையே கேள்வி கேட்ட என் அக்கா வாயடைத்துப்போய் வெளியே வந்தாள்.

மறு மாதமே கூட்டின சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள். மேனேஜரிடம் கேட்டதற்கு, "அது தற்காலிகமாக் கொடுத்ததும்மா" என்றாராம் அந்த மனுஷர்.

வருஷம் திரும்பியதும் அக்கா மறுபடி அந்த மாடி ஏறினாள். நானும் கூடப் போனேன். வக்கீல் பெண் வேலையை விட்டுப் போயிருந்தாள். அவள் இடத்தில் இருந்தவர் ரசீதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்க வரம்புக்குள்ளதான் வர்றீங்க. இலவச வக்கீல் உண்டு. என்ன கேஸும்மா?"

அக்கா வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"அப்பீலுக்கு நாள் தாண்டிப்போச்சே. இதுல இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. வேற ஏதாவது கேஸ் இருந்தா வாங்க."

அக்கா எழுந்தாள்.

"இடது கை இன்னும் நல்லாத்தான் சார் இருக்கு. அதுவும் போனதும் வரேன்."