சோடியம் குறைந்த உப்பு

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதான வருடம் எங்கள் வீட்டுச் சமையலிலிருந்து உப்பு போய்விட்டது. கீரமங்கலத்தில் பூ வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், டயாலிசிஸுக்காகப் புதுக்கோட்டைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். டாக்டர் பலதையும் விலக்கச் சொன்னார். எங்களுக்கு உறைத்தது உப்பு மட்டும்தான்.

அப்பா கோபக்காரர் இல்லை. ஆனால் உப்பில்லாத ரசத்தைக் கண்டால் முகம் சுண்டிவிடும். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார். ஆள் துரும்பாக இளைத்துப்போனார். பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. தனிம வரிசை அட்டவணையைச் சுவரில் ஒட்டி, ஐந்தாவது படித்த எனக்கு வகுப்பெடுப்பாள். எனக்குப் புரிகிறதா என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. முதல் தொகுதிக்காரர்கள் எல்லாரும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரானை வைத்துக்கொண்டு யார் தலையில் கட்டலாம் என்று அலைவார்களாம். பதினேழாம் தொகுதிக்காரர்களுக்குச் சரியாக ஒன்று குறையுமாம். கொடுத்தது பிளஸ் ஆகும், வாங்கியது மைனஸ் ஆகும், இரண்டும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். அதுதான் அயனிப் பிணைப்பு. சோடியமும் குளோரினும் அப்படிச் சேர்ந்ததுதான் சோற்றுப்பு.

ஒருநாள் அவளுக்குப் பொறி தட்டியது.

“அம்மா, சோடியந்தானே அப்பாவுக்கு ஆகாது? அதுக்குக் கீழேயே பொட்டாசியம் இருக்கு பாரு. ஒரே தொகுதி. அதுவும் குளோரினுக்கு ஒரு எலக்ட்ரான் குடுத்து உப்பாத்தான் ஆகும். அதுவும் கரிக்கும்மா.”

அப்படி ஓர் உப்பு, ‘சோடியம் குறைந்தது’ என்ற பெயரில், கடையிலேயே விற்றது. அவளே போய் வாங்கி வந்தாள். அம்மா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒண்ணும் செய்யாதுல்ல?” என்று கேட்டுவிட்டுப் பிரித்தாள்.

அன்று அப்பா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். “எம்மக படிச்ச படிப்பு எனக்குச் சோறு போடுதுடி” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரம் முடியும் முன்பே அப்பாவால் காலை ஊன்றி எழ முடியவில்லை. காரில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிட்டது என்று சாயங்காலம் டாக்டர் வந்து சொன்னார். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாதாம். அக்காவின் முகம் வெளுத்தது.

“எளநி, வாழைப்பழம் எதுவும் கூடாதுன்னு சொன்னேனே, குடுத்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

அக்கா வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“நாந்தாங்க எளநி குடுத்தேன். ஆசையாக் கேட்டாருங்க, மனசு கேக்கல. தெனமும் குடுத்தேங்க.”

அப்பாவை வீட்டில் இறக்கிக் கிடத்திக்கொண்டிருக்கும்போதே அம்மா அடுப்படிக்குப் போய், மீதி உப்பைக் கரைத்துக் கொல்லையில் ஊற்றினாள். அத்தைகள் மாரடித்து அழுததோடு நிற்காமல், புருஷனைக் கொன்றவள் என்று அம்மாவை முகத்துக்கு நேரே ஏசினார்கள். அக்கா அவளோடு ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போனாள், படித்தாள், வேதியியலே எடுத்துப் பட்டமும் வாங்கினாள்.

எனக்கும் அம்மாவின் மேல் தீராத கோபம் இருந்தது. தினமும் இளநீர் வெட்டியிருக்கிறாள், எனக்கு ஒருநாள்கூட ஒரு வாய் தரவில்லையே என்று.