அண்ணன் மரம்

பலா பழுத்துவிட்டதை எங்கள் வீட்டில் முதலில் சொல்வது பால்தான். கொல்லையில் ஒரு பழம் கனிந்துவிட்டால் அடுப்படியில் மூடி வைத்த பால், தண்ணீர்ப் பானை, கொடியில் காயும் பாவாடை என்று எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருப்பவள் என் தோளை மோந்து பார்த்து, “ஒங்க வீட்ல பழம் விழுந்துருச்சாடி?” என்று கேட்பாள். அறந்தாங்கிக்கு வடக்கே, செம்மண் தொடங்குகிற இடத்தில் இருந்தது எங்கள் வீடு. பலா அங்கே அதிசயமில்லை. ஆனால் எங்கள் கொல்லைப் பலா வேறு கணக்கு.

நான் இப்போது பிழைப்புக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடுகிறேன். வங்கியில் கடன் கேட்பவர்களின் வீட்டுக்கு டேப்போடு போய், சுவரை அளந்து, தரையைத் தட்டிப் பார்த்து, இந்த வீடு இவ்வளவு பெறும் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. எங்கள் படிவத்தில் கிணற்றுக்குக் கட்டம் உண்டு, போர்வெல்லுக்கு உண்டு, காம்பவுண்டுச் சுவருக்குக்கூட உண்டு. மரத்துக்கு மட்டும் கிடையாது. “மேடம், அந்த மாமரத்தையும் கொஞ்சம் சேத்துக்கங்க” என்று கெஞ்சுகிறவர்களிடம் சிரித்து மழுப்பிவிட்டு வருவேன். படிவம் போட்டவர்களுக்கு என்ன தெரியும்? வீடு வாங்க வருகிறவன் ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு நேரே கொல்லைக்குத்தான் போகிறான், அங்கே நிற்கும்போதுதான் அவன் முகத்தில் விலை ஏறுவதும் இறங்குவதும் தெரியும். இதை நான் பன்னிரண்டு வயதில், எங்கள் வீடு விற்பனைக்கு வந்த கோடை விடுமுறையில் படித்துக்கொண்டேன்.

அப்பா சவுதியில் இருந்தார். என்னைப் புதுக்கோட்டையில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், இந்த வீட்டைக் கொடுத்துவிட்டு அங்கே ஒரு வீடு வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்து வீட்டு வள்ளி அத்தையின் செல்போனுக்கு அவர் கூப்பிடுவார். “வெள்ளையடிக்கிறது இருக்கட்டும், மொதல்ல கொல்லையச் சரி பண்ணு. மரம் மட்டையெல்லாம் பளிச்சுன்னு இருந்தாத்தான் வாரவன் மனசு எறங்கும்” என்பார். அம்மா மறுபேச்சுப் பேசமாட்டாள். தென்னைகளுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்தாள், காய்ந்த மட்டையெல்லாம் உரித்தாள், எலுமிச்சைக்குப் பாத்தி கட்டினாள், காலி பெயின்ட் வாளிகளில் குரோட்டன்ஸ் வைத்து வாசலில் வரிசையாக அடுக்கினாள். பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி ஆகிவிட்டது எங்கள் கொல்லை.

வந்தவர்களும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரிதான் நொட்டை சொன்னார்கள். வாசலுக்கு நேரே முருங்கை ஆகாது என்றார் ஒருவர். மறுநாள் வந்தவர் முருங்கை இல்லாத வீடு ஒரு வீடா என்றார். தென்னை மட்டை விழுந்தால் கார்க் கண்ணாடி உடையும் என்று கவலைப்பட்டவர் சைக்கிளில் வந்திருந்தார். ஆனால் பலாவுக்கு முன்னால் போய் நின்றதும் அத்தனை பேருக்கும் வாய் அடைத்துப்போகும். அடிமரத்திலிருந்தே காய்த்துத் தொங்கும் மரம் அது. அண்ணாந்து காய்களை எண்ணாமல் திரும்பியவர் ஒருவரும் இல்லை.

அந்தப் பழத்தை அம்மா மட்டும் ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, பிசின் ஒட்டாமல் சுளை சுளையாக எடுத்து, முதல் பழத்தைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். மற்றதை எனக்கு ஊட்டுவாள். கேட்டால், “எனக்கு வாயுத்தா” என்பாள். என் ஒன்பதாவது வயதில் வள்ளி அத்தைதான் உண்மையை உடைத்தாள். “வாயுவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது ஒன் அண்ணன் மரம்டி. புள்ள மேல காய்ச்சத எந்தத் தாய் திம்பா?”

எனக்கு ஆறு வயது மூத்தவன் அவன். அப்பா முதல்முறை வெளிநாடு போயிருந்தபோது, ஐப்பசி அடைமழையில் பிறந்து பத்தொன்பது நாள் இருந்தான். கண்மாய் நிறைந்து இடுகாட்டுப் பாதை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் கிடந்தது. பால் மணம் மாறாத பிள்ளையைக் கொல்லையிலேயே வைத்துவிடுவது அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் உண்டு. வைத்த இடத்தில் ஒரு கன்றும் நடுவார்கள். வள்ளி அத்தையின் புருஷன் குழி வெட்டினார், அம்மா முளை விட்டிருந்த ஒரு பலாக்கொட்டையை ஊன்றினாள். ஆனால் அப்பாவுக்குப் போட்ட கடிதத்தில் இடுகாட்டில் வைத்ததாகத்தான் எழுதினார்கள். பிள்ளை முகத்தையே பார்க்காத மனுஷன், திரும்பி வந்து அந்தக் கொல்லையில் எப்படி நடமாடுவார் என்று பயந்தார்களாம். அப்படிச் சொன்ன பொய்யைப் பிறகு திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. வீடு விலைக்கு வந்தபின் சொல்ல வழியே இல்லை. பிள்ளையைப் புதைத்த வீட்டை யார் வாங்குவார்?

கடைசியில் அறந்தாங்கி மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு வீடு பிடித்துப்போனது. அவரும் சம்சாரமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அந்த அம்மா அடுப்படியில் என் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்க, அவர் தோள் துண்டை எடுத்துப் பலாவைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். கூட வந்த மச்சானிடம், “நல்லா வைரம் பாஞ்ச மரம் மாப்ள. ரெண்டு நெலைக்கு ஆகும்” என்றார். வாசல் நிலை செய்கிற அளவுக்கு மரம் தேறும் என்கிறார். கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் காதில் அது விழுந்தது. வெட்டத்தான் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். அம்மாவிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினேன், பெரிய மனுஷி!

எங்கள் பக்கம் யாரும் தொடாத மரம் ஒன்றே ஒன்றுதான்: சாமி இருக்கிற மரம். மறுநாள் விடிகாலை அம்மா பால் வாங்கப் போன நேரத்தில், பழைய வேட்டித் துண்டை மஞ்சள் தண்ணீரில் முக்கி மரத்தில் கட்டினேன். அடியில் மூன்று செங்கலை நட்டு, திருநீறு பூசி, குங்குமம் வைத்தேன். கொல்லைக்கு வேலி மட்டும்தான், தெருவுக்கே தெரியும். அன்று சாயங்காலமே ஒருத்தி வந்து சூடம் கொளுத்தினாள். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு விளக்கு, ஒரு எலுமிச்சை மாலை. தன் கனவில் முனி வந்து பலாச்சுளை கேட்டதாக எதிர்வீட்டு அக்கா சத்தியம் பண்ணினாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். அம்மா அந்தத் துணியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே அப்பா லீவில் வந்து இறங்கினார். மளிகைக்கடைக்காரர் அட்வான்ஸ் கொடுக்கப் பெரியவர்களோடு வந்தார். கொல்லையில் கால் வைத்தவர் செங்கலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நகர்ந்தார். “இது எப்பருந்துங்க? சாமி குடியிருக்கிற எடத்துல தீட்டுத் தொடக்கோட நாங்க பொழங்க முடியுமா? சாமிய முறையா எடுத்துவிட்டு, மரத்தையும் அப்புறப்படுத்திக் குடுங்க. அப்பத்தான் பத்திரம்.”

அப்பா அம்மாவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “நான் இல்லாத நேரத்துல எவ கொண்டாந்து வச்சா இந்தச் சாமிய?”

அப்பாவுக்குக் கோபம் வந்தால் பெல்ட்டைத்தான் தேடுவார். ஏன் செய்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பவும் முடியாது. அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “தானா வந்துச்சுங்க. தெருப் பொம்பளைக கும்புடுறாக, நான் என்ன சொல்ல?” என்றாள்.

பூசாரி வந்தார். மரம் வெட்டுவதற்கு முதல்நாள் சாயங்காலம் மரத்திடம் சொல்லிவிட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதில் இருக்கிற சாமியோ, குருவியோ, பூச்சியோ, எதுவாக இருந்தாலும் வேறு இடம் பார்த்துப் போவதற்கு ஓர் இரவு அவகாசம். வீட்டுக்காரம்மாதான் அடித்தூரில் பால் ஊற்றிச் சொல்ல வேண்டும். சொம்புப் பாலோடு அம்மா போய் நின்றாள். பாலை ஊற்றிவிட்டாள், வாய் மட்டும் வரவில்லை.

“சொல்லுத்தா. இங்கன இருக்கிறவுக எல்லாம் வேற எடம் பாத்துப் போயிருங்கன்னு மூணு தடவ சொல்லு” என்றார் பூசாரி.

“நேரமாகுது, சொல்லேன்” என்றார் அப்பா.

வள்ளி அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் போய்விட்டாள். அம்மா சொன்னாள். பூசாரி சொல்லிக்கொடுத்தபடி அல்ல. “போயிருப்பா. வேற எடம் பாத்துப் போயிருப்பா” என்று மூன்று தடவை சொன்னாள். முனியை எவ்வளவு பாசமாகக் கூப்பிடுகிறாள் என்று கூடியிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அந்த இடத்திலேயே செத்துப்போயிருக்கலாம். நான்தான் கட்டினேன், அங்கே சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். அடிக்குப் பயந்து நின்றேன். வேறு காரணம் இல்லை.

காலையில் மரம் விழுந்தது. பிஞ்சும் காயுமாகக் கொல்லை முழுக்கச் சிதறிக் கிடந்தது. பிறகு ஆட்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு தூரைத் தோண்ட வந்தார்கள். பிறந்ததிலிருந்து நான் கேட்டிராத குரலில் அம்மா அலறினாள்: “தூரத் தொடாதீங்க!” எல்லோரும் திகைத்துப்போய்ப் பார்க்க, “சாமி இருந்த தூரு. தோண்டுனா குத்தமாயிரும்” என்று நின்ற இடத்திலேயே ஒரு சாத்திரத்தைக் கட்டிச் சொன்னாள். மளிகைக்கடைக்காரரே, “ஆமா, கெடக்கட்டும், மேல மண்ணப் போட்டு மூடிக்கிறோம்” என்று தலையாட்டினார்.

பத்திரம் பதிகிற அன்று அறந்தாங்கியில் எழுத்தர் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். “கிணறு, மாவடை மரவடை உள்பட” என்று வந்தது. நிலத்தில் நிற்கிற மரம் மட்டை எல்லாம் சேர்த்து என்று அர்த்தம். எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரிதான். அப்போது அந்த மளிகைக்கடைக்கார அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நீங்க ஆசையா வளத்த மரம், வெட்ட மாட்டோம்னு அன்னைக்கே ஒங்ககிட்டச் சொன்னேன்ல. அந்தப் பலாவுக்காகத்தான் நாங்க இந்த வீட்டையே கேட்டோம். சாமி வந்து எறங்கும்னு யாரு கண்டா?” அம்மா, “பரவால்லங்க” என்றாள். நான் பெஞ்சியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் புதுக்கோட்டை வந்தோம். நல்ல பள்ளிக்கூடம், நல்ல படிப்பு, இந்த வேலை. வீட்டைச் சுற்றி ஒரு சாண் மண் கிடையாது, கறிவேப்பிலைகூட காசுக்குத்தான். வள்ளி அத்தையும் போய்ச் சேர்ந்தாள், அப்பாவும் எதுவும் தெரியாமலே கண்ணை மூடினார்.

போன மாதம் ஒரு கடன் விஷயமாக அந்தத் தெருவுக்கே போகும்படி ஆனது. எங்கள் பழைய வீடு மூன்றாவது கை மாறிவிட்டது. தென்னையும் இல்லை, முருங்கையும் இல்லை. காம்பவுண்டுச் சுவரிலிருந்து சுவர் வரைக்கும் சிவப்பும் சாம்பலுமாகப் பேவர் பிளாக், அதன்மேல் இரண்டு கார். அளக்கப் போயிருந்தால் நல்ல மதிப்புத்தான் போட்டிருப்பேன். பலா நின்ற இடத்தை வேலிக்கல்லை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் வேலியே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். துணி கட்டியது நான், செங்கல் வைத்தது நான், அன்றைக்கு வாய் திறக்காமல் நின்றதும் நான். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அன்னைக்கே தெரியும்த்தா. நம்ம வீட்டு வேட்டி எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல? சொல்லியிருந்தா மரம் நின்னிருக்குமே.”

“சொன்னா ஒங்கப்பா ஒன்னையக் கொன்னுருப்பாக. இருக்கிற புள்ளையத்தான பாக்கணும்.”

அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான் சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “நீதான் முறையா வேற எடம் போகச் சொல்லிட்டேல்லம்மா, அவன் இந்நேரம் எங்கயாச்சும் நல்ல எடத்துல இருப்பான்” என்றேன்.

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

“போன்னுட்டேன். பத்தொம்பது நாள் புள்ள, அது எங்குட்டுத்தா போகும்? அதுக்கு நடக்கத் தெரியாதே” என்றாள்.