காட்டுப்பள்ளி கேட்டில் ஒரு போன்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், நான் ஒரு தண்டம். "வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டா?" என்ற சர்வே கேள்விக்கு ஆம், இல்லை என இரண்டே கட்டங்கள் போதுமென்று ஏசி அறையில் உட்கார்ந்து முடிவுசெய்த மேதை நான்தான்.

இப்போது அந்தக் கேள்வியோடு வடசென்னை சடையங்குப்பத்தில் நிற்கிறேன். டேங்கர் லாரி கிளப்பிய புழுதி என் டேப்லெட் மேல் படிகிறது. வாசலில் கையைப் பிசைந்தபடி நிற்கும் செல்வி அக்காவிடம் கேட்கிறேன்.

"கீது," என்கிறார். மகிழ்ச்சியாக ஆம் தட்டுகிறேன்.

"போன் எங்க இருக்குக்கா?"

"வூட்டுக்காரரு எத்துகினு பூட்டாரு. காட்டுப்பள்ளி ஹார்பர்ல வேலை. போனை கேட்லயே வாங்கி வெச்சிப்பானுங்க, ஏழு மணிக்கு ஷிஃப்டு முடிஞ்சாதான் குடுப்பானுங்க. பொண்ணு காலேஜுக்கு அப்ளை பண்ண இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி. பிரவுசிங் சென்டர்ல குந்திகினு கீது. ஓடிபி அந்த போனுக்குதான் போவுது. ஒரே பேஜாரு."

மணி மூன்றேகால்.

"அப்போ ஆம்னு போடவா, இல்லைன்னு போடவா அக்கா?" என்று என் வாய் கூசாமல் கேட்டுத் தொலைக்கிறது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நான் ஓரமாக நிறுத்தியிருக்கும் பைக்கைப் பார்க்கிறார்.

"வண்டிய எடு நைனா, அந்த கேட்டாண்ட பூடலாம்."