நாலு மணி பஸ்ஸும் ஏழாம் இடத்துச் செவ்வாயும்

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் அஞ்சலை, நைனார்பாளையத்திலிருந்து கல்யாண வேலைக்கு ஒத்தாசையாக வந்தாள். வந்தவள் ஒரு வார்த்தை சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மகள் மலர்க்கொடிக்கு வயது முப்பத்திரண்டு. ஏன் இன்னும் கட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்காதவர்கள் இல்லை. செவ்வாய் தோஷம்... வேறென்ன? ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் செவ்வாய். உளுந்தூர்பேட்டை, சின்னசேலம் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள். ஜாதகத்தைப் பார்த்ததும் செருப்பை மாட்டினார்கள். நான் யாரையும் கெஞ்சவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் – ஆனால் யாரிடமும் தலை குனிந்து நின்ற பழக்கம் கிடையாது.

கடைசியாகத் திருக்கோவிலூரிலிருந்து குமரேசன் வந்தார். அறிவியல் வாத்தியார். அவருக்கும் செவ்வாய் தோஷம். தோஷத்துக்குத் தோஷம் சரியாகப் போச்சு என்று தட்டு மாற்றிக்கொண்டோம்.

போன மாதம் எங்கள் மலை ஊர் ஸ்கூலுக்கு அவர் டெலஸ்கோப் கொண்டுவந்தார். பிள்ளைகள் பார்த்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுச் செவ்வாயைக் காட்டினார். சின்னதாக, சப்பிக் கரைந்த ஆரஞ்சு மிட்டாய் மாதிரி. இதுவா என் மகளை இத்தனை வருஷம் வீட்டில் உட்கார வைத்தது?

"வெறும் துரு ஏறின மண்ணுங்க அத்தே," என்றார். "நம்ம சூரியனத் தாண்டி, மத்த நட்சத்திரங்களச் சுத்திக்கினு ஆயிரக்கணக்குல கிரகம் கண்டுபுடிச்சிருக்காங்க."

எனக்குப் பகீரென்றது. ஒன்பதைச் சமாளிக்கவே இந்தப் பாடு!

"அதுங்கள்லாம் ஜாதகத்துல எங்க தம்பி உக்காரும்?"

"இருக்கறதே பன்னண்டு கட்டம். எடம் பத்தாதுங்க."

பக்கத்தில் நின்ற மலர் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று...

சரி, அஞ்சலை விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பத்திரிகையோடு மலரின் ஜாதகமும் கிடந்தது. எடுத்துப் படித்தாள். "இன்னா அண்ணி, நாலு மணின்னு போட்டுகிது?" என்றாள்.

மலர் பிறந்தபோது எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. மலை ஏறி வரும் நாலு மணி பஸ்தான் ஊருக்கே கடிகாரம். அன்று காலையிலிருந்து மழை இருட்டு. பஸ் ஹாரனும் குழந்தை அழுகையும் ஒன்றாகக் கேட்டன. நாலு மணி என்றாள் மருத்துவச்சி. என் வீட்டுக்காரர் அதை அப்படியே ஜோசியரிடம் சொல்லிவிட்டார்.

"அன்னிக்கி அந்த பஸ்ஸுலதான அண்ணி நான் வந்தேன்? வழியில மரம் உழுந்து மழையில நின்னுகினு இருந்தோம். ஊர் வந்து சேர ஆறரைக்கு மேல ஆயிடுச்சி."

"இத்தினி வருஷமா ஏண்டி சொல்லல?"

"நீங்க கேட்டாதான? பஸ்ஸ நம்பி ஜாதகம் எழுதுவீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

மறுநாளே கள்ளக்குறிச்சியில் ஒரு ஜோசியரிடம் ஓடினேன். ஆறரை மணி என்றதும் செல்போனில் தட்டிப் பார்த்தார். "ஏழுல இருந்த செவ்வாய் ஆறுக்குப் போயிடுச்சிங்கமா. சுத்த ஜாதகம். தோஷமே இல்ல," என்றார் சந்தோஷமாக.

வானத்தில் கிரகங்கள் நேரம் தவறுவதில்லை. லேட்டாக வந்தது பஸ். பழி மட்டும் செவ்வாய்க்கு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

தோஷம் உள்ள பையனுக்குத் தோஷம் இல்லாத பெண்ணைக் கொடுத்தால், பெண்ணின் உயிருக்கு ஆகாது என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டால் மகளுக்கு என்ன ஆகுமோ... திறந்தால் கல்யாணம் நிற்குமோ... இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு, மலரிடம் சொன்னேன்.

"எனக்குப் பயமில்லம்மா. அவருக்கும் இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா அவங்க அம்மா நம்புறாங்க. மறச்சி கட்டிக்கினு போயி, தெனம் அவங்க மூஞ்ச பாத்து எப்பிடி சோறு போடுவேன்? நீ சொல்லிடு."

"கல்யாணம் நின்னுச்சின்னா?"

மலர் ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கக் குனிந்தவள் நிமிரவே இல்லை.

மூன்று தடவை சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். வாழைமரம் பேசினோம். புடவை பேசினோம். சமையல்காரரைப் பற்றிக்கூடப் பேசினோம். 'தப்பு எங்க பக்கம்' என்ற ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. சொல்லிப் பழகாத வாய்.

அதனால்தான் இந்த வாரப்பத்திரிகையில் எழுதிவிட்டேன். திருக்கோவிலூரில் சம்பந்தியம்மா வாராவாரம் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தானாம்.

சம்பந்தியம்மா... படிச்சாச்சுங்களா? போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.